ஒருபக்கத் தாள்

கிளிநொச்சியில் கூட்டம் வைத்தார்கள்,
நெருக்கடிகாலத்தில் வருமானத்தைப் பெருக்க ஏழு வழிகள் என்று.
பஸ்ஸுக்குப் போக நூற்றெழுபது, வர நூற்றெழுபது,
மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல்.
தந்த பேப்பர்க் கட்டில்
ஒரு பக்கம்தான் அச்சடித்திருந்தது.
மற்றப் பக்கத்தை
மல்லாவிக்குக் கொண்டுவந்து விற்றேன்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குச் செய்து பார்க்க
பத்துத் தாள் பதினைந்து ரூபா.
றிம் மூவாயிரத்தைத் தாண்டிய கிழமை அது.

கடை என்றால்
ஒரு போட்டோக்கொப்பி மெசின்,
லமினேற் பண்ணுகிற பெட்டி,
ஒரு கால் கட்டையான மேசை.
மெசினுக்குக் கரன்ட் வேண்டும்.
கரன்ட் தன் எண்ணத்துக்கு வரும்.
சில நாள் இரவு ஒரு மணிக்கு.
எழும்பிப் போவேன்,
பகலில் தந்துவிட்டுப் போனதையெல்லாம் அடித்துவைக்க.
அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணிப் பேமிட்.
இருட்டில் அந்தப் பச்சை வெளிச்சம்
ஊரின் முகங்களை ஒவ்வொன்றாய்த் தடவிப்போகும்.

கூட்டத்தில் சொல்லாத எட்டாம் வழி
கோழிக்கூட்டின் மேல் கிடந்தது.
கொட்டிலில் இருந்த காலம்
ஏதோ நிறுவனம் தந்த சோலார்த் தகடு,
மழைக்கு மூடியாய்ப் போட்டிருந்தேன்.
கழுவினேன். கோழிகளுக்கு ஒரு தகரம் கொடுத்தேன்.
ஒரு போன் சார்ஜ் நாற்பது ரூபா.
பிளாஸ்டர்த் துண்டில் இலக்கம் எழுதி
முதுகில் ஒட்டி
இருபத்துமூன்று போன்கள்
மேசையில் படுத்திருக்கும்.

சும்மா கிடக்காது அவை.
பதினோராம் இலக்கத்துக்குக் கட்டாரிலிருந்து மகன்.
ஆறுக்கு யாரென்று தெரியாது,
எடுப்பதில்லை நான்,
ஆனால் வெள்ளிதோறும் மூன்றுதரம்.
ஏழாம் இலக்கம் ஒருநாளும் அடித்ததில்லை.
யோகமலரக்கா அதைத்தான்
விடிய முதல் ஆளாய்க் கொண்டுவருவா.
நாற்பது ரூபாய் வாங்கக் கை கூசியது.
"பிடி. சும்மா செய்தியெண்டால்
நாளைக்கு வரமாட்டன்" என்றா.
வாங்கினேன்.

பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது.
கறையான் தின்ற சதுரம் போல ஒன்று,
அதற்குள்தான் ஒரு கிழமை ஓட்டம் முழுதும்.
பிறின்ற், வெட்டு, லமினேற்: நூற்றியிருபது.
வியர்வையில் ஊறாது,
சேற்றில் விழுந்தால் துடைக்கலாம் என்று
மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன்.
உழவு மெசின்காரர், மீன்காரர்,
பாலர் பாடசாலை ரீச்சர்.
கடலை விற்கிறவர் வாகனமே இல்லாமல் வந்து
ஒன்று அடிக்கலாமோ என்றார்.

தவணை என்றால் வியாழக்கிழமை.
வியாழக்கிழமை என்றால் நிரூஜன்.
ரை கட்டி, கறுப்புப் பல்சரில் வந்து
எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்று கூப்பிடுவான்.
அந்த வியாழன் நடந்து வந்தான்,
யோகபுரத்திலிருந்து சைக்கிளை உருட்டுவதுபோல
பல்சரை உருட்டிக்கொண்டு.
ரை பொக்கற்றுக்குள்.
"அக்கா, எனக்கும் ஒரு கியூஆர்."
அடித்தேன், வெட்டினேன், சூட்டில் விட்டெடுத்தேன்.
காற்சட்டையைத் தடவினான்.
தோள்பையில் ஊர்க்காசு பிதுங்கிக்கொண்டிருந்தது,
அது கம்பனிக் காசு.
"நாளைக்குத் தாறன்."

கடன் கொப்பியை எடுத்தேன்.
முழுப்பெயர் கேட்டேன்.
செல்வரட்ணம் நிரூஜன், நூற்றியிருபது.
பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து,
அவன் எனக்குக் காட்டித்தந்த அதே மாதிரி.
இரண்டுபேரும் சிரிக்கவில்லை.

இன்னும் தரவில்லை.
ஆனால் இப்போது
எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிடுகிறான்.

மாரி தொடங்கிவிட்டது.
தகட்டில் வெயில் இல்லை,
போன்கள் பாதி உயிரோடு வீடு போகின்றன.
ஒருபக்கத் தாளும் முடியப்போகிறது.
கிளிநொச்சிக்கு எடுத்துக் கேட்டேன்,
அடுத்த கூட்டம் எப்போது என்று.