பாரம்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
நகலெடுக்க இருபது காசு,
விண்ணப்பம் நிரப்பித் தர ஐந்து ரிங்கிட்.
ஊத்தான் மெலிந்தாங்கில் ஃபாரத்தைப் பாரம் என்பார்கள்.
நான் திருத்துவதில்லை.

செம்பனைக் குலை லோரி போகும்போதெல்லாம்
மேசைக் கண்ணாடி அதிரும்.
அதன் அடியில்
யார் யாரோ விட்டுப்போன பாஸ்போர்ட் அளவு முகங்கள்.

புனிதமலருக்கு நாற்றங்காலில் வேலை.
கறுப்புப் பையில் நிற்கும் ஒவ்வொரு கன்றுக்கும்
ஓர் எண் உண்டு, தகரத்தில்.
அவளுக்கு இல்லை.
லயத்தில் பிறந்தவளை யாரும் பதியவில்லை,
அதனால் அவள் மகள் திவாஷினிக்கும் இல்லை.
சூராட் பெரானாக்கில்
குடிமகள் அல்ல என்று அச்சடித்திருக்கும்.
வேறெந்த நாட்டுக்காரி என்று இருக்காது.
மூன்று முறை பாரம் அனுப்பினோம்.
மூன்று முறையும் ஒற்றை வரி பதில்.

செவ்வாய்க்கிழமை கடை திறக்குமுன் வந்தாள்.
பசியாறிட்டியா என்றேன்.
ஒன்பது வாரம் என்றாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம்.
மூன்று தைப்பூசம் பால்குடம்,
ஈப்போவில் ஊசிக்கு விற்ற வளையல் நான்கு.
மனசு யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது:
"பெத்து எங்கிட்ட குடுத்துடு."

அவள் கோபப்படவில்லை.
"ஒங்ககிட்ட வளந்தா அதுக்கு ஐசி கெடைக்குமாக்கா?"

எளிதில் கிடைக்காது.
இந்த ஊரில் என்னைவிட அது தெரிந்தவர் யார்?

பிறகு சொன்னாள்,
ஷட்டரின் பூட்டைப் பார்த்துக்கொண்டே:
"அதுக்காக மட்டும் இல்லக்கா.
எனக்கு முடியல."
எது முடியவில்லை என்று நான் கேட்கவில்லை.
அதற்கு மட்டும் என்னிடம் கட்டமில்லை.

தெலுக் இந்தான் கிளினிக்கில்
அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.
உளுந்து போல் ஒன்று
மினுக்கி, மினுக்கி,
யாரிடமும் ஒன்றும் கேட்காமல்.

அதற்கு உரிமை உண்டா என்றால்
உண்டு என்றுதான் என் வயிறு சொல்லும்.
காலியான வயிற்றின் சாட்சி செல்லுமா, தெரியாது.
மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்.
இங்கே மரம் வைப்பதும் இவள்,
தண்ணீர் ஊற்றுவதும் இவள்.
பிறக்காததின் உரிமையைப் பேச வருகிறவர்கள்
என் கடை வழியாகத்தான் போகிறார்கள்.
பத்து வயதில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை
ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.
இதைச் சொன்னால்
அந்த உளுந்து அணைந்துவிடுகிறதா என்றால்
அதுவும் இல்லை.
இன்னும் மினுக்குகிறது, இதை எழுதும்போதும்.

கூட வந்தவர், உறவு என்ற இடத்தில்
அக்கா என்று எழுதினேன்.
ஆயிரம் பாரம் நிரப்பிய கை
அந்த மூன்றெழுத்துக்கு நின்றது.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் தூங்கினாள்.
தூக்கத்திலும் கைப்பையை விடவில்லை.

கடையில் திவாஷினி,
பள்ளிச் சீருடையும் கலையாமல்,
நான்காவது பாரத்தைத் தானே நிரப்பி வைத்திருந்தாள்.
முத்து முத்தான எழுத்து.
உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில்
அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு கோடு.

"சரியா அத்த?"

புனிதமலர் என்னைப் பார்த்தாள்.
ஒரு லோரி வந்தது.
அது கடந்து போகட்டும் என்று
இருவரும் காத்திருந்தோம்.