பத்துக்கு எத்தனை

களைத்தவளை நடக்கச் சொல்கிறார்கள்.
நித்திரையில் போகாத அலுப்பு இது,
எட்டு மணித்தியாலம் கிடந்து எழும்பினாலும்
சேலைக்கரையில் ஒட்டிய ஈர மணலாய்க்
கூடவே எழும்பிவரும்.
இதற்குக் குளிசை இல்லையா என்றேன்.
நடை என்றாள் நஸ்லிமா மிஸ்,
ஏதோ கடையில் வாங்கலாம் என்பதுபோல.

நாள்தோறும் நிரப்ப ஒரு தாளும் தந்தாள்:
இன்று உங்கள் களைப்பு பத்துக்கு எத்தனை?
தபால் கந்தோரில் பதினேழு வருசம்
கடிதங்களை நிறுத்துப் பார்த்தவள் நான்.
கிராம் கணக்குத் தெரியும்.
இதை எந்தத் தராசில் வைப்பது?

முதல் கிழமை, டச்சுக் குடாவில்
கவிழ்த்துவைத்த நீலத் தோணிவரை. ஒன்பது.
திரும்பிவர ஏலாமல் தோணியிலேயே இருந்துவிட்டேன்.
இரண்டாம் கிழமை ஐஸ்கிறீம் வண்டிவரை. எட்டு.
பிறகு மருந்து ஏற்றிய கிழமை,
வாசற்படிவரை. பத்து. பத்து. பத்து.

வீட்டில் சட்டம் மாறியது.
வெங்காயம் கதிரையில் இருந்துதான் உரிப்பேன்.
தேங்காய் திருவுவது தவநேசன்,
பாதி சிரட்டையின் கறுப்பு,
சொதி பழுப்பாய்த்தான் வரும், பேசாமல் குடி.
தலை முழுகினால் அன்று துணி மடிப்பதில்லை.
பார்க்க வருகிறவர்கள் மூன்று மணிக்குப் பிறகு,
"நல்லாய்த்தானே இருக்கிறாய்" என்பவர்கள் வரவே வேண்டாம்.

புதன்கிழமை, கண்மூடி மூச்சை எண்ணும் வகுப்பில்
மூதூர் சம்சுன்னிசா குறட்டை விடுவார்.
எழுப்பக்கூடாது என்பது
நாங்கள் ஆறு பேரும் போட்ட ஒரே விதி.

ஒரு செவ்வாய் பின்னேரம்
ஐஸ்கிறீம் வண்டியருகே, பேனை வாயில்,
ஆறா ஏழா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.
கொம்பில் பொலித்தீன் கிழிசலோடு ஒரு மான்
பின்னால் வந்து தாளை இழுத்தது.
நான் இழுத்தேன். அது இழுத்தது.
மூன்று மாத ஒன்பதுகளையும் பத்துகளையும்
என் முகத்தைப் பார்த்தபடியே சப்பித் தின்றது.

துரத்திக்கொண்டு போயிருக்கிறேன் போல.
நின்று திரும்பினால்
வண்டியும் நீலத் தோணியும்
எங்கோ சின்னதாய்.
சப்பாத்துக்குள் மணல்.
தைத்த பக்கம் இழுத்து வலித்தது,
சிரித்ததில்.

மறுநாள் பத்தரை மட்டும் படுக்கை.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

புதுத் தாள் கேட்டேன்.
பழையது எங்கே என்றாள் மிஸ்.
சொன்னேன்.
நம்பவில்லை. ஆனாலும் திருகோணமலைக்காரி,
கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:
"கொம்பு உள்ளதா?"