கேட் போட்டால் மட்டும்

கூத்தாநல்லூரில் வாங்கினேன்.
வெள்ளை ஸ்கார்பியோ, பதினோரு வயது,
மூன்றாவது கை நான்.
லெட்சுமாங்குடி வளைவில் வெண்ணெயாய்த் திரும்பியது.
அண்டா நாலு, தேக்சா ஆறு, ஆள் அஞ்சு
என்று மனசுக்குள் ஏற்றிப் பார்த்துவிட்டு
முன்பணம் கொடுத்தேன்.

நீடாமங்கலம் கேட்டில்தான் தெரிந்தது.
எதிரே ரயில் இன்ஜின் கழற்றி இன்ஜின் மாட்டிக்கொண்டிருக்க,
முன்னால் வைக்கோல் லாரி, பின்னால் மன்னார்குடி பஸ்,
பத்தாவது நிமிஷம் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது.
பானெட் இடுக்கில் ஆவி.
கொதி வந்ததன் மூடியைத் திறக்கக் கூடாதென்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை,
இருபது வருஷமாய்க் கல்யாணச் சமையல்.
அணைத்தேன். இறங்கி நின்றேன். ஆறட்டும்.
கேட் திறந்து நாலு காற்று பட்டதும்
முள் ஒன்றும் அறியாத பிள்ளையாய்
நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வைரக்கண்ணு சொன்னார், தெர்மோஸ்டாட்.
கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம்.
சட்டி என்னுது, அடுப்பும் என்னுது.
கண்ணெதிரே மட்டிபோல் வாய் திறந்தது.
நல்லாத்தான் இருக்கு என்றார்.
ஆனாலும் புதுசு மாற்றினார்.

கொரடாச்சேரி மாசிலாமணி
ஹெட் கேஸ்கட் என்றார்.
குரலைத் தாழ்த்தி, பெரிய வியாதியைச் சொல்கிற மாதிரி,
நாற்பதாயிரம் என்றார்.
நானும் கேஸ்கட் மாற்றியிருக்கிறேன்,
குக்கருக்கு, எண்பது ரூபாயில்.
ஆயில் குச்சியை இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன்.
கறுப்புதான். பால் கலந்த நிறமில்லை.
புகையும் வெளுப்பாய் இல்லை.
தண்ணீரும் குறையவில்லை, ஓடினால் சுடவும் இல்லை,
நின்றால் மட்டும் சுடுகிறது, அது ஏன் என்றேன்.
"அப்ப நீங்களே பாருங்கக்கா"
ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டார்.

பார்த்தேன்.
ராத்திரி, கொல்லையில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
ஏசி வலைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே
பதர்.
ரோட்டில் காய்கிற நெல்லின் மேலேயே
பத்துத் தை மாசம் ஓடின வண்டி.
உமியும் புழுதியும் அடை தட்டிக் கிடந்தது.
ஈர்க்குச்சியால் நோண்டி, பின்பக்கமிருந்து தண்ணீர் பீய்ச்ச
அரை முறம் தேறியது.
இன்னொரு வண்டி வாங்கியிருந்தால்
இன்னொரு ஊர்ப் பதர் இருந்திருக்கும்.

மறுநாள் அதே கேட், அதே வெயில்.
முள் ஏறியது.
முன்னைவிட மெதுவாக,
விருந்துக்கு வர மனசில்லாத சொந்தக்காரனாய்,
ஆனால் ஏறியது.
பானெட்டைத் தூக்கினேன்.
விசிறி சும்மா நின்றது.

விற்ற பையன் நஜ்முதீன் ஷார்ஜாவில்.
போன் எடுத்ததும்
"அக்கா, சுவிட்ச் பத்திச் சொல்லலையா நான்?"
ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில்
வீட்டு லைட்டுக்குப் போடுகிற வெள்ளை சுவிட்ச்.
நான் அதை ஒட்டுப்போட்ட ஓட்டை என்று நினைத்திருந்தேன்.
"விசிறி தானா சுத்தாது. கேட் போட்டா போட்டுக்கங்க."
யார் வைத்தது என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் ஏசிச் சத்தம்.
"அத்தாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனப்ப
அந்தக் கேட்டில கொதிச்சு நின்னுடுச்சு.
அடுத்த வாரம் நாந்தான் வச்சேன்."
அத்தா எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.
வண்டி அவர் பேரிலிருந்துதான்
இவன் பேருக்கு மாறியிருந்தது.

சுவிட்சைத் தட்டினேன்.
நெல் தூற்றுகிற மிஷினாய் உறுமிச் சுற்றியது.
பக்கத்து பைக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.
முள் நின்றது. நடுவுக்கு ஒரு விரல் மேலே,
அங்கேயே இருக்கட்டும்.

ரிலே இருநூற்றைம்பது ரூபாய்தானாம்,
போட்டுவிட்டு இந்த அசிங்கத்தைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் வைரக்கண்ணு.
ரிலே போடுங்கள் என்றேன்.
மற்றதற்குப் பதில் சொல்லவில்லை.

"வேற என்னப்பா சொல்ல மறந்தே?"
"பின்கதவு, அக்கா. மழை பேஞ்சா திறக்காது.
உள்ளேர்ந்து உதைக்கணும், கீழ் மூலையில."

வலங்கைமான் முகூர்த்தம், விடிகாலை மூணு மணி,
ஐப்பசி மழை, உள்ளே சாம்பார் அண்டா.
சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு
சீட்டுகளைத் தாண்டிப் போய் உதைத்தேன்.
இன்னும் கொஞ்சம் கீழே.