கேட்ட தகவல்

பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் எடுத்து
தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன்:
எங்கள் ஸ்டேஷன் எந்த வருஷம் திறந்தது?
இரண்டாம் பிளாட்பாரத்துத் தூங்குமூஞ்சி மரம்
யார் கணக்கில் இருக்கிறது?
லிஃப்ட் எப்போது ஓடும்?
இப்படிக்கு,
மு. கோதண்டபாணி,
ஜெராக்ஸ் அண்டு லேமினேஷன்,
டிக்கெட் கவுண்டர் எதிரில்.

முப்பதாவது நாள் பதில் வந்தது, ஆங்கிலத்தில்.
ஆதார் நகல் எடுக்க நின்ற பரிமளா
எட்டு ஐம்பத்திரண்டைக் காதில் வாங்கிக்கொண்டே
படித்துச் சொன்னாள்:
"ஒண்ணாவதுக்கு ஆவணம் இல்லையாம்.
ரெண்டாவது வேற டிபார்ட்மெண்டாம்.
மூணாவது பரிசீலனைல இருக்காம்."
மீதிச் சில்லறை வாங்காமல் படியேறினாள்.
மகளிர் பெட்டி யாருக்கும் நிற்பதில்லை.

ஆவணம் இல்லாவிட்டால் போகட்டும்.
வேலிக்கென்று நட்ட பழைய தண்டவாளத் துண்டில்
சுண்ணாம்புக்கு அடியில் எண்கள் புடைத்திருக்கின்றன.
ஏ-நாலு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்.
ஒரு ஒன்று.
ஒரு ஒன்பது.
அப்புறம் துரு.

எனக்குத் தெரிந்த சரித்திரம்
கவுண்டரின் அரைவட்ட ஓட்டையில் தொடங்குகிறது.
உள்ளே குணசீலன்.
அட்டை டிக்கெட்டை இரும்பு வாயில் திணித்து
டக்கென்று தேதி குத்துவார்.
தாம்பரமா என்று கேட்கமாட்டார்,
முகத்தைப் பார்த்தே ஊரைக் கிழித்துக் கொடுப்பார்.
பிறகு அட்டை போய்ச் சுருள்தாள் வந்தது.
சுருள்தாளுக்குப் பிறகு சுவரோரம் ஒரு பெட்டி,
கிண்டியைத் தொட்டால் கோடம்பாக்கம் காட்டும் பெட்டி.
வெள்ளம் வந்த டிசம்பரில்
என் மெஷினை நடைமேம்பாலப் படியில்
ஏற்றி வைத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான்.
அதற்கும் ஆவணம் இருக்காது.

சரி, ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.
கடை ஷட்டரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.
ரயில்வே நிலத்தில் இரண்டேகால் அடி
நான் உள்ளே வந்திருக்கிறேனாம்.
ஸ்டேஷன் பிறந்த வருஷம் தெரியாதவர்களுக்கு
என் கால் அடி தெரிகிறது.

மீட்டர் கேஜ் இருந்த காலத்தில்
தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே
ஆயிரம் மில்லிமீட்டர்.
அகலப் பாதையானதும்
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு.
கழித்துப் பாருங்கள்.
ஸ்கேல் வைத்தும் பார்த்தேன்:
இரண்டேகால் அடிக்கு ஒரு விரல் நகம் குறைவு.
நகர்ந்தது யார்?
நான் இருபத்தாறு வருஷமாக
ஒரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கணக்கு செல்லாது,
அவர்கள் அகன்றது அந்தப் பக்கமாக இருக்கலாம்
என்றார் வக்கீல். ஃபீஸ் வாங்கிக்கொண்டார்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது.
இப்போது எல்லாரும் போனில்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.
ஸ்டேஷனுக்குள் நின்றால் எடுக்காது.
வெளியே போ, தள்ளி நில் என்று
ஆகாயத்திலிருந்து யாரோ அளந்து சொல்கிறார்கள்.
பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று
மேலே குரல் தொடங்கியதும்
திடுதிடுவென்று இறங்கி ஓடி வருகிறார்கள்,
போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி,
கவுண்டர் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி,
என் வாசல் வரைக்கும்.

இரண்டாவது மனுவில் இதை மட்டும் எழுதினேன்.
இன்னொரு பத்து ரூபாய்.
பதில் வரவில்லை.
ஷட்டரில் நோட்டீஸின் ஒரு மூலை
காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது.

இன்று காலை,
நோட்டீஸில் சிவப்புக்கோடு போட்ட அதே இரண்டேகால் அடியில்
ஹெல்மெட்டோடு ஒரு பையன் நின்று கேட்டான்:
"அண்ணே, இங்க எடுக்குதா?"

எடுக்குது தம்பி.
இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி வந்து
நில்லு.