ஏழாம் இலக்கக் கொள்கலன்

சம்பூருக்கு அப்பால், எருமைகள் முதுகு தேய்க்கும்
கம்பிவேலிக்கு உள்ளே
இருபத்திரண்டு வெள்ளைக் கொள்கலன்கள்.
பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் நிற்கின்றன.

இன்றைக்கு ஏழாம் இலக்கம்.
மூன்றாம் அடுக்கில் ஓரிடம்
மற்றவற்றைவிட நாலு பாகை சூடு.
நாலே நாலு. காய்ச்சல் என்று சொல்லவும் ஏலாது.

கதவுக்கு நேரே நிற்காதே.
முதலில் காற்றைப் பார்:
சோழகம். கிரவல் தூசி வடக்கே போகிறது.
நாங்கள் தெற்கே ஒதுங்கினோம்.
மணந்து பார்க்க இம்தாத்தின் இடுப்பில் ஒரு கருவி உண்டு,
இருந்தும் மூன்று பேரும் மணந்தோம்.
பழுத்த அன்னமுன்னாபோல் இனித்தால்
பேச்சில்லை, ஓட்டம்தான்.
இனிக்கவில்லை. டீசலும் உப்பும்.

இந்துனில் படிவத்தை வாசித்தான், தன்னுடைய தமிழில்:
"மோதிரம்?"
இல்லை.
"மாலை, தோடு?"
சோற்றுப்பெட்டிக்குள்.
"வேற இரும்பு ஏதும் உடம்பில?"
இடது தோளுக்குக் கீழே ஒன்று, என்றேன்.
மூதூர் ஆஸ்பத்திரியில் எடுக்காமல் விட்டது.
அப்போது எனக்கு ஒன்பது வயது.

பேனா நின்றது.
அந்தக் கேள்விக்கு இரண்டே கட்டம்: உண்டு, இல்லை.
இம்தாத் முகக்கவசத்தைத் துடைத்தான்,
துடைத்த இடத்தையே திரும்பவும்.
"அது வெளிய வராதுதானே?"
மழைக்கு முன் கொஞ்சம் நோகும், வேறொன்றுமில்லை.
இந்துனில் கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
சிங்களத்தில் ஏதோ எழுதினான்.
நான் கேட்கவில்லை.

பிரிப்பானை இறக்கி ஆளுக்கொரு பூட்டு.
என்னுடையது சிவப்பு. அட்டையில் சுகிர்தா.
சாவி என் பையில்;
கொழும்பிலிருந்து யார் கத்தினாலும்
நான் கழற்றாமல் இது மேலே ஏறாது.

திரை பூச்சியம் என்றது. திரையை நம்பாதே.
இன்வேர்ட்டர் வயிற்றில் மிச்சம் கிடப்பது வடியப் பத்து நிமிடம்.
இம்தாத் நேரம் பார்க்கப் போய்
மணிக்கூடு இல்லாத கையைப் பார்த்தான்.
காவலாளியின் வானொலியில்
இரண்டு பாட்டு, ஒரு மரண அறிவித்தல், இன்னொரு பாட்டு.

மீற்றரை உயிருள்ள முனையில் தொட்டேன்: காட்டியது.
பிரித்த முனையில்: ஒன்றுமில்லை.
மறுபடி உயிருள்ளதில்: காட்டியது.
இப்போதுதான் அந்தப் பூச்சியம் பூச்சியம்.

ஆனாலும் பற்றரி அடுக்கை அணைக்க ஏலாது.
பிரிக்கலாம், துண்டு துண்டாகச் சிறிதாக்கலாம்;
ஒவ்வொரு துண்டும் தன் பங்கை
உள்ளே வைத்துக்கொண்டேதான் இருக்கும்.
றப்பர் கையுறைக்கு மேல் தோல் கையுறை.
ஒரு திருகு. கழன்ற முனைக்கு உடனே தொப்பி.
அப்புறம்தான் அடுத்தது.

சூட்டுக்குக் காரணம் தளர்ந்த ஒரு நட்.
கால் சுற்று. முறுக்குச் சாவி 'டிக்' என்றது.
இதற்கா இவ்வளவும் என்று
மூன்று பேருமே நினைத்திருப்போம்.
ஒருவரும் சொல்லவில்லை.

கருவிகளை எண்ணினோம், பதினான்கு.
ஆட்களையும் எண்ணினோம், மூன்று பேர்தான் என்று தெரிந்தும்.
பூட்டுகள் கழன்றன, என்னுடையது கடைசி.

இரண்டரை மணிக்குச் சோற்றுப்பெட்டியைத் திறந்தேன்.
ஒரு தோடு மூடியில் இருந்தது.
மற்றதைத் தேங்காய்ச் சம்பலுக்குள்
விரலால் கிளறித் தேடினேன்.