மணிக்குப் பதினாறு டாலர்

ஏப்ரல். மினசோட்டாவில் இன்னும் பனி,
கார் நிறுத்தத்தின் ஓரங்களில் கறுத்துப்போய்.
வேதியியல் கட்டடத்தைச் சுற்றிக் காட்ட
மணிக்குப் பதினாறு டாலர் தருகிறார்கள் எனக்கு.
ஆறாவது வருடம். ஆய்வேடு முடியவில்லை.
பதினாறு டாலர் பதினாறு டாலர்தான்.

இந்தச் சனிக்கிழமை ஏழு பிள்ளைகள்,
அவரவர் பெற்றோர், தூங்கி வழியும் ஒரு தம்பி.
ஐயன்வுட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி
தெருப்பனி தள்ளும் லாரியோட்டி ஒருவர்
மகளைக் கூட்டி வந்திருந்தார்.
அய்லா காங்கஸ். சட்டையில் ஒட்டிய பெயர்ச்சீட்டு
ஒரு மூலையில் உரிந்து தொங்கியது.

"நானூறு இருக்கைகள்" என்றேன்.
எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.
அவள் படியேறிப் போய்
கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.
யாரோ அழிக்காமல் விட்ட சமன்பாட்டை
கண்ணைச் சுருக்கிப் படித்தாள்.
"அது மூன்றா, எட்டா?"
கீழே நின்ற எனக்கே தெரியவில்லை.

அடித்தளத்தில் என்எம்ஆர்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள்.
அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் ஒரு காந்தம்
வயிறு நிறைய ஹீலியத்தோடு
யாரையும் கண்டுகொள்ளாமல் நின்றது.
"பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கோட்டைத் தாண்ட வேண்டாம்."
இதற்கு எப்போதும் ஒருவர் சிரிப்பார். சிரித்தார்.
"இதை இளநிலை மாணவர்கள் தொடலாமா?"
அய்லாதான்.
வாய்ப்புகள் ஏராளம் என்று சொல்லச் சொல்லி
அச்சடித்த தாள் என் பையில் இருந்தது.

நான் படித்தது ஒரு குட்டிக் கல்லூரி,
மாட்டுத்தீவன ஆலைக்குப் பின்னால்.
ஒரே ஒரு என்எம்ஆர், என்னைவிட இரண்டு வயது மூத்தது.
வெள்ளிக்கிழமை தோறும் நைட்ரஜன் ஊற்றுவது என் முறை.
பழுதானால் நாங்களேதான் கழற்றுவோம்,
மிஞ்சிய திருகுகளை ஒரு டப்பாவில் போடுவோம்.
ஆனால் குலக்கோட்பாடு என்றொன்று இருப்பதே
இங்கே வந்த முதல் வாரம்தான் தெரிந்தது.
முதல் தகுதித் தேர்வில் விழுந்தேன்.
இதையும் சொன்னேன்.
சொல்லாவிட்டால் அது இன்னொரு அச்சடித்த தாள்.

லிஃப்ட்டில் அவளிடம் மட்டும் சொல்ல நினைத்தேன்,
அத்தனை பேரும் கேட்டார்கள்:
"முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தால்
மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள்.
மதிப்பெண்ணை எவரும் எழுதலாம்.
பரிசோதனை பதினோராவது முறை பாழானபோது
நீ என்ன செய்தாய் என்று பார்த்தவர்
மூன்று பேர் வேண்டும்.
நானூறில் அவர்களை நீயாகத் தேட வேண்டும்.
நாற்பதில் அவர்களே உன்னைத் தேடி வருவார்கள்,
நீ ஒளிந்துகொண்டாலும்."

அவள் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்:
"உனக்கு இங்கே எவ்வளவு கட்டணம், தம்பி?"
"கட்டணம் இல்லை. அவர்கள்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
கொஞ்சம்தான்."
"படிக்கச் சம்பளமா?"
இரண்டு மாடிகள் யோசித்தார்.
"அப்படியானால் அய்லா,
கடன் வாங்கித் தொலைக்க வேண்டியது
இந்த நாலு வருடத்துக்கு மட்டும்தான்."
அவள் காது சிவந்துவிட்டது.

வாசலில் என் பேனாவை வாங்கினாள்.
வண்ணப் பிரசுரத்தின் பின்புறம் திருப்பி,
"முதல் வாரமே குடுவை கழுவவாவது விடுகிற
ஒருவர் பெயர் சொல்லுங்கள்."
ஒன்று சொன்னேன். இன்னொன்றுக்கு யோசித்தேன்,
வரவில்லை.
அந்த ஒன்றின் கீழ் அவள் கோடு போட்டாள்.
அழைப்பிதழ் இரண்டு கையில் இருக்கிறவள்,
எதற்கு வைத்த கோடு அது
என்று எனக்குத் தெரியாது.
பேனாவையும் கொண்டு போய்விட்டாள்.

வேறு பேனா தேடி
நேரத்தாளில் இரண்டு மணி என்று எழுதினேன்.
லிஃப்ட்டில் பேசியதைக் கழிக்கவில்லை.
மேலே என் சிலிக்கா நிரல்
காலையில் விட்ட இடத்திலேயே நின்றது,
மஞ்சள் பட்டை
ஒரு விரல்கூட இறங்காமல்.