மிதி, பிடி, விடு

முன்சக்கரம் இரண்டுக்கும் புது காலிப்பர்,
புது பேடு, புது ஹோஸ்.
நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்த அட்டைப்பெட்டி
மழையில் ஊறி
மேலே எழுதியிருந்ததெல்லாம் மை வழிந்து போயிருந்தது.
பில்லில் தொகை மட்டும் தெளிவாக.

சுவாமியார்மடம் ரோட்டோரம்
ஆறு மணிக்குள் எல்லாம் மாட்டி
ஏறி உட்கார்ந்து மிதித்தேன்.
பெடல்,
அளிந்த மட்டிப்பழத்தில் பெருவிரல் போவதுபோல
தரை வரை போயிற்று.

காற்று.
எண்ணெயை அழுத்தினால் அது போய் வேலை செய்யும்.
காற்றை அழுத்தினால்
சுருங்கிக்கொண்டு சும்மா இருக்கும்.
அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும்,
மேலே மிதிக்க ஒருவன், கீழே திறக்க ஒருவன்.

விடியுமுன் அப்டா மார்க்கெட்டில்
ஏத்தன் தார் இறக்கியாக வேண்டும்.
எட்டு மணிக்கு, அந்த மழையில்,
யாரைக் கூப்பிட,
வண்டியில் பாதிக்குச் சொந்தக்காரன் வைஸ்லினைத் தவிர?

முப்பத்திரண்டாயிரம் ரூபாய்க் கணக்கில்
பேச்சு நின்று இரண்டு மாசம் பத்து நாள்.
டீக்கடைப் பையனை அனுப்பினேன்.
வந்தான். என்னைப் பார்க்காமல்
செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினான்.

மிதி.
பிடி.
நிப்பிளைக் கால் திருகு திறந்தால்
குளுக்கோஸ் ட்யூபில் நுரை ஓடி வரும்.
மூடிவிட்டு,
விடு.

பின்னால் இடது, பின்னால் வலது,
முன்னால் இடது, கடைசியில் டிரைவர் பக்கம்.
ரப்பர் வெட்டப் போகிறவன்
மூடு மூடாகக் குனிவதுபோல்
சக்கரம் சக்கரமாகக் குனிந்து சொட்டுப் பார்த்தேன்.

இரண்டு மாசத்தில் அவனிடம் நான் பேசியது
இந்த மூன்று சொல்தான்.
பதிலுக்கு அவன்
கதவுத் தகரத்தில் ஒரு தட்டு.

மூன்று சுற்று. ஒன்றரை பாட்டில் எண்ணெய்.
ட்யூபில் ஒரு குமிழியும் இல்லை,
பெடல் மட்டும் அதே மட்டிப்பழம்.
மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்பட்டேன்.
பூஸ்டரை. கடைக்காரனை.
கொஞ்சம் வைஸ்லினையும்,
வேண்டுமென்றே அரைக்கால் மிதிக்கிறானோ என்று.

அவன் இறங்கி வந்தான்.
மிச்ச எண்ணெய் பாட்டிலை
டார்ச் வெளிச்சத்தில் படுக்க வைத்தான்,
தலைகீழாக்கினான்.
எப்படிப் பிடித்தாலும் குமிழி மேலேதான் ஓடிற்று.
டார்ச்சைக் காலிப்பருக்குத் திருப்பினான்.

நிப்பிள்
அடியில் இருந்தது.

வலதை இடதில் மாட்டியிருக்கிறேன்,
இடதை வலதில்.
நாங்கள் கீழே எண்ணெயை வடித்துக்கொண்டிருக்க
காற்று மேலே
கூரைக்குள் பல்லிபோல ஒட்டிக்கொண்டு
எல்லாம் பார்த்திருக்கிறது.

"வரவ செலவுப் பக்கத்துல எளுதினவன்தாலே நீ"
என்றான் வைஸ்லின்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையிலேயே இருந்த ஸ்பானரை
பெட்டிக்குள் கொஞ்ச நேரம் தேடினேன்.

கழற்றி மாற்றி மாட்டப் பத்தரை ஆயிற்று.
மிதி. பிடி.
இந்தத் தடவை ட்யூபில் வந்தது
நீளமாய் ஒரு இருமல்,
அப்புறம் எண்ணெய், அறாத நூலாக.
விடு.
நாலாவது மிதியில்
பெடல் பாதியில் நின்று
காலைத் திருப்பித் தள்ளியது.

காட்டாத்துறை இறக்கத்தில்
வெறும் வண்டியை விட்டுப் பார்த்தோம்.
வளைவில் ஒரு நாய்,
நனைந்த உடம்போடு, நடு ரோட்டில்.
நான் மிதித்த அதே நொடியில்
பக்கத்து சீட்டில் அவன் வலது காலும்
ஒன்றுமில்லாத தகரத்தை மிதித்தது.

வண்டி நின்றது.
முப்பத்திரண்டாயிரமும்
நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது.
நாய் எழுந்து, உடம்பை உதறி,
அவசரமில்லாமல் நடந்தது.
அது ஓடையைத் தாண்டும்வரை
இரண்டு பேரும்
காலை எடுக்கவில்லை.